சும்மாதான் கூப்பிட்டேன்!

நெடுநாள் பேசாத நண்பர் ஒருவர் திடீரென்று டெலிபோன் செய்கிறார். எடுத்தவுடன் நாம் என்ன கேட்கிறோம்?

"என்ன விஷயம்?"

அவர் திணறுகிறார். விஷயம் எதுவும் இல்லை. நம் ஞாபகம் வந்தது, கூப்பிட்டார். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். "உங்கள் ஊரில் மழை உண்டா?" என்று எதையோ கேட்கிறார். நாலு வார்த்தை பேசுகிறார். "சரி, நீங்கள் வேலையைப் பாருங்கள்" என்று வைத்துவிடுகிறார்.

அவர் வைத்த பிறகும் நமக்குச் சந்தேகம் தீரவில்லை. "எதற்காகக் கூப்பிட்டான்? பணம் ஏதாவது கேட்க நினைத்திருப்பானோ?" என்று வீட்டில் சொல்கிறோம்.

ஒரு நண்பர் இன்னொரு நண்பரிடம் பேச ஒரு விஷயம் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. விஷயம் இருந்தால் கடைக்காரரிடமும் பேசுகிறோம். அதிகாரியிடமும் பேசுகிறோம். விஷயம் இல்லாமல் பேசக்கூடிய ஆள் யாரோ, அவர்தான் நண்பர்.

தந்தி வந்தால் அழுகை

"என்ன விஷயம்?" என்று கேட்கும் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் காசு.

தந்திக்கு வார்த்தைக் கணக்கில் கட்டணம். ஆகவே தந்தியில் யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். "அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு" என்று இருக்கும். தந்தி கொண்டு வருபவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும். உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். உத்தியோகம் கிடைத்த செய்திக்கும் முதலில் அழுது தீர்த்த வீடுகள் உண்டு! அந்தத் தந்தி 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

டெலிபோனும் அப்படித்தான் இருந்தது. வெளியூருக்குப் பேச "டிரங்கால்" பதிவு செய்ய வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் வசதி இந்தியாவில் முதன்முதலாக 1960-ம் ஆண்டு லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. நம் தெருக்களில் டெலிபோன் பூத்துகள் முளைத்தது 1980-களுக்குப் பிறகுதான். இரவில் வெகுநேரம் ஆனால் கட்டணம் குறையும். அதற்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுவார்கள். வாய் பேசும். கண் மட்டும் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களை விட்டு அகலாது.

பிறகு செல்போன் வந்தது. 1995 ஜூலை 31-ந் தேதி மேற்கு வங்க முதல்-மந்திரி ஜோதிபாசு கொல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். இந்தியாவில் அதுதான் முதல் செல்போன் பேச்சு. அந்த நாளில் நாம் கூப்பிட்டாலும் காசு. நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு! யாருக்குச் சும்மா பேச மனம் வரும்?

இன்று அந்தக் கணக்கே இல்லை. மாதக் கட்டணம் கட்டிவிட்டால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரே கட்டணம். காசு போய்விட்டது. ஆனால் "என்ன விஷயம்?" மட்டும் போகவில்லை.

பேசக் காசு இல்லாத காலத்தில் மனிதன் பேச ஏங்கினான். பேச்சு இலவசமான காலத்தில் பேசக் கூச்சப்படுகிறான். வேடிக்கையாக இல்லையா?

ரோஜாப் பூவும் காலை வணக்கமும்

"யார் பேசவில்லை என்றது? நாள் முழுவதும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்?" என்று சிலர் கேட்கலாம்.

என்ன பேசுகிறோம்? விடிந்ததும் ஒரு ரோஜாப் பூ, அதன் கீழே காலை வணக்கம். அதை நமக்கு இன்னொருவர் அனுப்பியிருப்பார். அவருக்கு வேறொருவர் அனுப்பியிருப்பார். பூவை வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது பேர் உள்ள குழுவில் நாற்பது ரோஜாப் பூ! அந்த நாற்பது பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அதைச் சொல்ல அங்கே இடம் இருக்காது. சொன்னாலும் பூக்களுக்கு நடுவே மறைந்துவிடும்.

பூ அனுப்புவதை நாம் குறை சொல்லவில்லை. "நான் இருக்கிறேன்" என்று சொல்வதற்கு அதுவும் ஒரு வழி. வயதானவர்கள் பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஒரு நாள் பூ வராவிட்டால், "அவருக்கு என்ன ஆயிற்று?" என்று தேடுகிறவர்களும் உண்டு. ஆனால் அதையே பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது. பிறர் எழுதியதை அனுப்புவது தபால்காரர் வேலை. நண்பரின் வேலை வேறு.

அதில் ஆபத்தும் இருக்கிறது. 2018-ம் ஆண்டு "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற பொய்ச் செய்தி செல்போன்களில் பரவியது. நல்ல எண்ணத்தோடுதான் பலரும் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோவிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் அடித்தே கொன்றுவிட்டார்கள். மற்ற மாநிலங்களிலும் உயிர்கள் போயின. அதன் பிறகுதான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் ஒருவர் நண்பரைக் கூப்பிட்டு, "இப்படி ஒன்று வந்திருக்கிறதே, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று வாயால் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அட, போப்பா! எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்லியிருப்பார். விரலால் தள்ளிவிடும்போது அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இடைசெவல் நண்பர்கள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சிறிய கிராமம். அங்கே இரண்டு பேர் சிறு வயது முதல் நண்பர்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. மற்றவர் கி. ராஜநாராயணன். இருவரும் பிறந்தது 1923-ல். இருவருக்கும் சங்கீதத்தின் மேல் பைத்தியம். இருவரும் பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள். சாகித்ய அகாடமி பரிசு அழகிரிசாமிக்கு 1970-ம் ஆண்டுக்கும், கி.ரா.வுக்கு 1991-ம் ஆண்டுக்கும் கிடைத்தது. ஒரு சிறு கிராமத்துக்கு இரண்டு பரிசு!

அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார். 1952-ல் மலாயாவுக்குப் போனார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். நடுவில் கடலே வந்துவிட்டது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. கடிதத்தில் பேசினார்கள்.

அழகிரிசாமி 1970-ல் காலமானார். அப்போது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. அவர் எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார். பின்னாளில் அவை புத்தகமாக வந்தன. கி.ரா. 2021 மே மாதம் வரை வாழ்ந்தார். நண்பர் போய் ஐம்பது ஆண்டு ஆன பிறகும் அந்தப் பேச்சு காகிதத்தில் உயிரோடு இருந்தது. நம் செல்போனில் வந்த ரோஜாப் பூக்களை ஐம்பது ஆண்டு கழித்து யார் எடுத்துப் பார்ப்பார்கள்?

நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீடு இருந்தது. அந்த வீட்டில் வட்டமான தொட்டிக்கட்டு ஒன்று உண்டு. மாலையில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். பேச்சு, பேச்சு, பேச்சுதான். கம்பர் பாட்டில் தொடங்கும், எங்கெங்கோ போகும். மேடை இல்லை, மாலை இல்லை, தீர்மானம் இல்லை. அதற்கு "வட்டத்தொட்டி" என்றே பெயர் வந்துவிட்டது. டி.கே.சி. பிறகு குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடிப் போனார்கள். எதற்கு? அருவிக்காக மட்டும் அல்ல, அவரோடு உட்கார்ந்து பேசுவதற்காக!

பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் வட்டத்தொட்டி என்று எண்ண வேண்டாம். டீக்கடை பெஞ்சும் வட்டத்தொட்டிதான். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்வார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

இது வீண் பேச்சா?

"சும்மா பேசுவது வீண் அல்லவா? வேலை கெடாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

திருவள்ளுவர் பயன் இல்லாத பேச்சைக் கண்டித்து ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆனால் அதே வள்ளுவர் நட்பைப் பற்றி 79-ம் அதிகாரம் முதல் 83-ம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். அதாவது ஐம்பது குறள்! நண்பர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பாரா?

சும்மா பேசுவது வேறு, வம்பு பேசுவது வேறு. அங்கே இல்லாத மூன்றாவது ஆளைப் பற்றி அவர் காதில் விழக் கூடாததைப் பேசினால் அது வம்பு. தன்னைப் பற்றியும், எதிரில் இருப்பவரைப் பற்றியும், பார்த்ததையும் கேட்டதையும் பேசினால் அது நட்பு. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, அது சோற்றைப் பற்றிய கேள்வியா? "சாப்பிடவில்லை" என்று பதில் வந்தால், "ஏன்?" என்று கேட்போம். அந்த "ஏன்" வழியாகத்தான் மனதில் உள்ளது வெளியே வருகிறது. மகளுக்கு வரன் தட்டிப்போனது வரும். வேலையில் பட்ட அவமானம் வரும். யாரும் எடுத்த எடுப்பில், "எனக்கு மனது சரியில்லை" என்று சொல்வதில்லை. விலைவாசி பேசி, மழை பேசி, பிறகுதான் அங்கே வந்து சேர்வார்கள். நாம் விலைவாசியிலேயே "சரி, வைக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டால் அவர் வந்து சேர முடியாது.

அப்படி அவர் சொல்லும்போது உடனே யோசனை சொல்லத் தொடங்காதீர்கள். நம்மில் பலருக்கு இந்தக் குணம் இருக்கிறது. முழங்கால் வலி என்று ஒருவர் வாயெடுத்தால் போதும், ஆறு வைத்தியம் சொல்லிவிடுவோம். "ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

எழுத்தில் குரல் இல்லை

"சரி" என்று ஒரு வார்த்தை. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சலித்துக்கொண்டு சொல்லலாம். கோபமாகவும் சொல்லலாம். நேரில் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். டெலிபோனில் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். செல்போனில் எழுதி அனுப்பினால்? வெறும் "சரி" மட்டும்தான் வரும். சிரிப்பா, கோபமா என்பதைப் படிப்பவர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் அன்று என்ன மனநிலையில் இருக்கிறாரோ, அதையே சேர்த்துக்கொள்வார். எத்தனை சண்டைகள் இப்படி வந்திருக்கின்றன!

2014-ல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தது. நாம் அனுப்பியதை மற்றவர் படித்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம். அதோடு ஒரு புதிய வருத்தமும் வந்தது. "படித்துவிட்டான், பதில் இல்லை!" கடிதக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தபால் போய்ச் சேர நாலு நாள் ஆகும், அவர் ஊரில் இல்லையோ என்னவோ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். இப்போது அந்தச் சமாதானத்துக்கு வழி இல்லை. படித்தவர் அடுப்பில் பாலை வைத்திருக்கலாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம். நமக்குத் தெரிவது நீலக் குறி மட்டும்தான். அந்தக் குறியை மறைத்து வைக்கும் வசதியும் செல்போனிலேயே இருக்கிறது. அடிக்கடி மனம் நோகிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

வருத்தம் வந்தால் எழுதாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். எழுதப் பழகாதவர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. 1980-களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களில் பலர் தங்கள் பேச்சைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதே வேலையை இன்று செல்போன் ஒரு நொடியில் செய்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் குரல் அப்படியே போய்விடுகிறது. எழுத்துப் பிழை என்ற பயம் வேண்டாம்.

தோழி எங்கே போனாள்?

ஆண்கள் டீக்கடையில் பேசினால் அதற்கு உலக விஷயம் என்று பெயர். பெண்கள் குழாயடியில் பேசினால் அதற்கு வம்பு என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர்கள் யார்? டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்!

ஆணுக்குக் கல்யாணம் ஆனாலும் அவன் நண்பர்கள் அதே ஊரில், அதே பெஞ்சில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு அப்படி இல்லை. தாலி ஏறிய மறுநாள் அவள் ஊர் மாறுகிறது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ஒரே டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டவள் வேறு திசையில் போகிறாள். அந்த நாளில் தோழிக்குக் கடிதம் எழுதினால் அதை மாமியார் வீட்டில் நாலு பேர் படித்த பிறகே அவள் கைக்கு வரும். அதனால் "இங்கு யாவரும் நலம்" என்பதற்கு மேல் எதையும் எழுத மாட்டாள். அப்படியே எத்தனையோ தோழமைகள் அறுந்துபோயின.

இன்று அவள் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் அவள் பத்து நிமிடம் பேசினால், "யாரிடம் இவ்வளவு நேரம்?" என்று கேள்வி வருகிறது. கணவர் ஒரு மணி நேரம் பேசினால் யாரும் கேட்பதில்லை. அதனால் அவள் சமையல் அறையில், குக்கர் சத்தத்தோடு சத்தமாக, இரண்டு விசில்களுக்கு நடுவே பேசிவிட்டு வைக்கிறாள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவியின் பள்ளித் தோழிகளில் இரண்டு பேர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று கேளுங்கள். அவர்களை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். அன்று காப்பியை நீங்கள் போடுங்கள். சமையல் அறையில் இருந்தபடியே அவர்கள் சிரிப்பைக் கேளுங்கள். அந்தச் சிரிப்பை நீங்கள் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆறு பேரில் ஒருவர்

பேசாமல் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தனிமையோடு தொடர்புள்ள சாவுகள் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தனிமை ரத்தக் குழாயையும் கெடுக்கிறது, இதயத்தையும் கெடுக்கிறது.

இது வயதானவர்களின் வியாதி மட்டும் அல்ல. இளைஞர்களிடம்தான் மிக அதிகம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆயிரம் பேர் உள்ள குழுவில் இருக்கும் பையன்கூடத் தனியாக இருக்கக்கூடும். அவனைத் திட்டாதீர்கள். "எந்நேரமும் செல்போனா?" என்று கேட்பதற்குப் பதில், "உன் சிநேகிதன் ஒருவன் வருவானே, இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அரை மணி நேரமாவது ஓய்வு இருக்கும். ஒரு பழைய நண்பரைக் கூப்பிடலாம். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவராக இருந்தாலும் கூப்பிடலாம். அந்தச் சண்டையில் தொடங்க வேண்டியதில்லை, தக்காளி விலையில் தொடங்கினால் போதும். அவர் எடுக்காவிட்டால் கோபிக்க வேண்டாம். தெரியாத எண் என்றால் இப்போது பலரும் எடுப்பதில்லை. மோசடிப் பேர்வழிகளுக்குப் பயந்துதான். முதலில் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பிவிட்டு, பிறகு கூப்பிடுங்கள். காது மந்தமான நண்பர் என்றால் கொஞ்சம் மெதுவாகவும் உரக்கவும் பேசுங்கள். டிரங்கால் காலத்தில் பேசியவர்களுக்கு அது நன்றாகவே பழக்கம்.